சூடு கையைச் சுடாத கிண்ணம்

16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஊரெல்லாம் போர். அந்த நேரத்தில்தான் ஓடா நொபுனாகா, தொயோதோமி ஹிதேயோஷி போன்ற தளபதிகள் ஒரு சின்ன அறையில் மண்டியிட்டு உட்கார்ந்து தேநீர் குடிக்க அவ்வளவு மெனக்கெட்டார்கள். அவர்களுடைய தேநீர் ஆசான் சென் நோ ரிக்கியூ (1522–1591). அவருடைய எளிமையை எல்லோரும் தத்துவமாகவே பேசுகிறார்கள், ஆனால் அது முதலில் உடம்பில் வேலை செய்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அவருடைய தேநீர் அறையின் வாசல் சுமார் 66 சென்டிமீட்டர் உயரம்தான். எப்பேர்ப்பட்ட பிரபுவும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து, முழங்காலால் நகர்ந்துதான் உள்ளே போக முடியும். கியோத்தோவுக்கு அருகே யமசாகியில் இன்றும் இருக்கும் தையான் என்ற அவருடைய தேநீர் அறை இரண்டே பாய் அளவு, காகிதச் சன்னல் வழியே மங்கலான வெளிச்சம். கண்ணுக்கு வேலை குறைவதால் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். அந்தச் சத்தமும் தற்செயல் கிடையாது: கெட்டிலின் உள்ளடியில் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டி வைப்பார்கள், அவற்றின் இடுக்கில் ஆவிக்குமிழ்கள் உருவாகி வெளியேறும்போது பைன் மரங்களில் காற்று வீசுவது போல ஒலிக்கும்.

அப்புறம் தேநீர். அறுவடைக்கு முன் சுமார் மூன்று வாரம் தேயிலைச் செடிக்கு மேலே பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். வேரில் உருவாகி இலைக்கு ஏறும் தியானின் என்ற அமினோ அமிலம், வெயில் பட்டால் துவர்ப்பான கேட்டச்சின்களாக மாறிவிடும். நிழலில் அந்த மாற்றம் குறைவதால் இலையில் தியானினின் சுவை தங்குகிறது, பச்சையமும் கூடுகிறது. இலையையே பொடியாக்கிக் கலக்கிக் குடிப்பதால் காஃபீனும் முழுசாக உள்ளே போகிறது. ஜென் துறவிகள் தியானத்தில் தூங்காமலிருக்க இதைக் குடித்ததில் ஆச்சரியமே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது கிண்ணம். ரிக்கியூவுக்காக சோஜிரோ என்ற கைவினைஞர் சக்கரமே இல்லாமல், கையாலேயே பிடித்துப் பிடித்துச் செய்த ராகு கிண்ணம். கருப்புக் கிண்ணம் செந்தணலாக இருக்கும்போதே சூளையிலிருந்து இடுக்கியால் எடுத்துவிடுவார்கள். பீங்கான் அளவுக்கு மண் இறுகாததால் உள்ளே நுண்துளைகளில் காற்று தங்கிவிடும், காற்று வெப்பத்தை லேசில் கடத்தாது. அதனால் கைப்பிடியே இல்லாத கிண்ணத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடிக்கலாம், கை சுடாது, தேநீரும் சீக்கிரம் ஆறாது. அந்தக் கருப்பில் பச்சை நிறம் தனியாக எடுத்துக் காட்டும்.

தங்கத்தாலேயே தேநீர் அறை அமைத்த ஹிதேயோஷிக்குக் கருப்புக் கிண்ணம் பிடிக்காதாம். 1591-இல் அவருடைய ஆணைப்படி ரிக்கியூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். சோஜிரோவின் வழிவந்த ராகு குடும்பம் 16ஆம் தலைமுறையாக கியோத்தோவில் இன்னும் கையாலேயே கிண்ணம் செய்துகொண்டிருக்கிறது.