முடியிடம் தோற்கும் எஃகு

ஐந்தாவது நாள். அதே ரேஸர், அதே பிளேடு, அதே கை. முதல் நாள் நுரையை வழித்துக்கொண்டு வழுக்கி இறங்கிய பிளேடு, இன்று தாடை ஓரத்தில் முடியை அறுக்காமல் இழுக்கிறது. சுரீர் என்கிறது. பிளேடைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. துரு இல்லை, நெளிவு இல்லை. ஆனாலும் மழுங்கிவிட்டது.

எதை வெட்டி மழுங்கியது? வெறும் முடியை. பிளேடின் எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. தேங்காய் உடைத்து அரிவாள் மழுங்கினால் புரிகிறது. முடியை வெட்டி எஃகு எப்படி மழுங்கும்?

நாலு வருஷமாக நான் பழைய முறையில்தான் சவரம் செய்கிறேன். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடு போடும் ரேஸர், ஒரு பிரஷ், ஒரு கட்டி சவர சோப்பு, ஒரு கிண்ணம், அவ்வளவுதான். நம் ஊரில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. நம் அப்பாக்கள் இப்படித்தான் செய்தார்கள், பெட்டிக்கடையில் இன்றும் பிளேடு கிடைக்கிறது. ஆனால் அவசரப்படாமல், என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே செய்யத் தொடங்கினால், தினமும் ஏதாவது ஒன்று பிடிபடும். அந்த ருசி பிடித்துப்போய்த்தான் எனக்கு இது பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அதில் நான் முதலில் தேடிப்போன கேள்வி இந்த மழுங்கல்தான்.

மழுங்குவது என்றதும் தேய்மானம்தான் நம் நினைவுக்கு வரும். செருப்பின் அடி தேய்வதுபோல, பிளேடின் கூரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து உருண்டுவிடுகிறது என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) ஜான்லூக்கா ரோஷியோலி, ஜெம் தாசன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ரோஷியோலி தானே சவரம் செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் ரேஸரை எடுத்துப்போய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து விளிம்பைப் படமெடுத்தார். தேய்மானம் மிகக் குறைவு. கூர் உருண்டும் போகவில்லை. ஆனால் விளிம்பின் சில இடங்களில் மட்டும் சில்லு சில்லாகப் பெயர்ந்திருந்தது.

அது எப்போது பெயர்கிறது என்று பார்க்க, நுண்ணோக்கிக்குள்ளேயே அடங்கும் ஒரு சின்னக் கருவியைச் செய்தார். தன் முடியையும் கூட வேலை பார்ப்பவர்களின் முடியையும் அதில் மாட்டி, வெவ்வேறு கோணத்தில் வெட்டிப் பார்த்தார். முடி பிளேடுக்கு நேர் செங்குத்தாக நின்றபோது சில்லு பெயரவில்லை. முடி வளைந்து சாய இடம் கொடுத்தபோது பெயர்ந்தது. அதுவும், முடியின் பக்கவாட்டு ஓரம் விளிம்பைத் தொடும் இடத்தில்.

காரணம் எஃகின் உள்ளே இருக்கிறது. நம் கண்ணுக்கு எஃகு ஒரே சீரான பொருள். நுண்ணளவில் பார்த்தால் ஓரிடம் கூடுதல் கடினம், பக்கத்து இடம் கொஞ்சம் மென்மை. கடலை மிட்டாயைக் கடித்துப் பாருங்கள். கடலை தனியாக உடைவதைவிட, கடலையும் பாகும் ஒட்டியிருக்கும் இடத்தில் பிளப்பதுதான் அதிகம். அதேபோல, விளிம்பில் கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லையில், வளைந்த முடியின் ஓரம் சரியாகப் போய் அமர்ந்தால், அந்த ஒரு புள்ளியில் அழுத்தம் குவிகிறது. ஒரே ஒரு முடிகூட அங்கே விரிசலைத் தொடங்கிவைத்துவிடும். முடியின் கோணம், அது தொடும் இடம், எஃகின் உள்ளமைப்பு மூன்றும் ஒன்றாகக் கூடி வர வேண்டும். ஒரு சவரத்தில் ஆயிரக்கணக்கான முடிகள் வெட்டுப்படுகின்றன, அதனால் எங்காவது கூடி வந்துவிடுகிறது. ஒரு சில்லு பெயர்ந்தால் அந்த இடம் கரடாகிறது.

இதைப் படித்த பிறகு நான் முகம் நனைக்கும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் இரண்டு கை தண்ணீரை அடித்துவிட்டு நுரையைப் பூசிவிடுவேன். பிளேடு மேல் விழும் சுமையைக் குறைக்க நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதமே தண்ணீர்தான் என்று பிறகுதான் உறைத்தது.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகளை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. ஒன்று கந்தகப் பிணைப்பு. அது பலமானது, தண்ணீருக்கு அசையாது. மற்றது ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பலவீனம், எண்ணிக்கையிலோ ஏராளம். தண்ணீர் உள்ளே புகுந்தால் இந்தப் பிணைப்புகள் அவிழும், காய்ந்தால் மறுபடி முடிச்சு விழும். ஈரத்தலையைப் பின்னிப் போட்டுவிட்டு, காய்ந்ததும் அவிழ்த்தால் கூந்தல் நெளிநெளியாக நிற்கிறதல்லவா? அடுத்த முறை தலைக்குக் குளித்ததும் நெளி போய்விடும். இரண்டுமே ஹைட்ரஜன் பிணைப்பின் வேலைதான்.

தாடி முடியிலும் இதே கதை. நன்றாக ஊறிய முடி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சும். அப்போது அது நீளத்தில் ஓரிரு சதவீதம்தான் கூடும், பருமனிலோ 15 சதவீதம் அளவுக்கு உப்பும். உப்பிய முடி இளகிய முடி, காய்ந்த முடியை வெட்டத் தேவைப்படும் விசையில் பாதிகூட அதற்கு வேண்டியதில்லை. ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். முடியின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கிறது, தண்ணீர் உடனே உள்ளே போகாது. சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைத்தால் போதும். குளித்த கையோடு சவரம் செய்வது இன்னும் சுலபம்.

அப்புறம் நுரை. பலர் நுரைதான் முடியை இளக்குகிறது என்று நினைக்கிறார்கள். இளக்குவது தண்ணீர். அந்தத் தண்ணீரை முகத்தைவிட்டு ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிப்போக வழி செய்வதும்தான் நுரையின் வேலை.

குளியல் சோப்பிலும் நுரை வரும், ஆனால் நிற்காது. தேங்காய் எண்ணெய் சேர்ந்த சோப்பு பெரிய பெரிய குமிழிகளைச் சட்டென்று எழுப்பும், அதே வேகத்தில் உடையவும் விடும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் நிறைய இருக்கும். அது குமிழியின் சுவரைக் கெட்டியாக்கி, தண்ணீர் வடிவதைத் தாமதப்படுத்துகிறது. கூடவே, சாதாரண சோப்புக்குச் சோடியம் காரம் மட்டும் போதும், சவர சோப்பில் பொட்டாசியம் காரமும் சேர்க்கிறார்கள். பொட்டாசியம் சோப்பு மிருதுவானது, தண்ணீரில் எளிதில் கரையும். அதனால்தான் கட்டியின் மேல் ஈரப் பிரஷை அரை நிமிடம் சுழற்றினாலே போதுமான சோப்பு ஏறிவிடுகிறது. கிண்ணத்தில் அடிக்கத் தொடங்கியதும் முதலில் ஆற்றிய காபியின் நுரைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். நிறுத்தக்கூடாது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இன்னும் ஒரு நிமிடம் சுழற்றினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, மொத்தமும் கெட்டித் தயிர்போல் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வந்துவிட்டால் தண்ணீர் போதும் என்று அர்த்தம்.

எனக்கு இது ஒரு மாதம் கைகூடவே இல்லை. சோப்பை மாற்றினேன், பிரஷை மாற்றினேன். நுரை எழும், கன்னத்தில் பூசியதும் செத்துப்போகும். கிண்ணத்தில் வெள்ளையாகத் திப்பித்திப்பியாக ஏதோ ஒட்டும். அப்போது குடியிருந்த வாடகை வீட்டில் போர் தண்ணீர். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் படிவு இருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத உப்பாக மாறிவிடுகின்றன. அந்தத் திப்பி அதுதான். நாம் போடும் சோப்பில் பெரும்பகுதி நுரையாகும் முன்பே இதில் செலவாகிவிடும். ஒருநாள் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து அடித்துப் பார்த்தேன். அதே சோப்பு, அதே பிரஷ், கிண்ணம் நிரம்பி வழிந்தது. உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் இருப்பவர்கள் சோப்பைக் குறை சொல்லும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பிரஷ் பற்றி ஒன்று. பழைய பொருட்கள் மேல் ஆசை வந்து, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய விலங்குமுடி பிரஷை வாங்கிப் பயன்படுத்தாதீர்கள். முதல் உலகப் போரின்போது, சரியாகச் சுத்திகரிக்கப்படாத குதிரைமுடியில் செய்த பிரஷ்களால் பிரிட்டன், அமெரிக்கப் படைவீரர்களுக்கு முகத்தில் ஆந்த்ராக்ஸ் வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். இன்று செயற்கை இழை பிரஷ்களே அருமையாக இருக்கின்றன, சீக்கிரம் உலரவும் செய்யும்.

இனி ரேஸர். பிளேடின் தடிமன் 0.1 மில்லிமீட்டர்தான். தட்டையாகக் கையில் பிடித்தால் காகிதம்போல் அதிரும். இவ்வளவு மெல்லிய தகட்டுக்குக் கூர் ஏற்ற முடியும் என்பதையே ஒரு காலத்தில் யாரும் நம்பவில்லை. அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895-இல் தூக்கிப்போடும் பிளேடு என்ற எண்ணம் தோன்றியபோது, விஷயம் தெரிந்தவர்கள் நடக்காது என்றுதான் சொன்னார்கள். மெல்லிய எஃகைக் கடினப்படுத்தித் தீட்டும் வழியைக் கண்டுபிடித்தவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903-இல் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே ரேஸர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. காப்புரிமையும் அந்த 1904-இல்தான் கிடைத்தது.

மெல்லிய தகட்டை விறைப்பாக்கும் சூட்சுமம் ரேஸரின் தலைக்குள் இருக்கிறது. மூடியைத் திருகி இறுக்கும்போது பிளேடு வில்போல் வளைவதைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். தட்டையான தகரம் தொய்யும், அதையே நெளித்தகரமாக்கினால் கூரை போடலாம். அதே தத்துவம்தான். வளைந்த பிளேடு தன் நீளவாக்கில் மடங்க மறுக்கிறது. விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருப்பதால், முடியில் மோதும்போது துடிப்பதும் குறைகிறது. மூடியைச் சரியாக இறுக்காமல் ஒருமுறை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மற்றது கோணம். தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறக்குறைய 30 பாகை. அளந்து பார்க்க வேண்டாம். மூடியின் மேற்பகுதியைக் கன்னத்தில் படுக்கவைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் பிளேடு முடியைப் பிடிக்கும். ஃபேனையும் குழாயையும் நிறுத்திவிட்டால் காதுக்கே கேட்கும், காய்ந்த புல்லை அறுப்பதுபோல் ஒரு சரசரப்பு. அந்தச் சத்தம் வரும் இடம்தான் உங்கள் கோணம். அழுத்தவே கூடாது, ரேஸரின் எடையே போதும். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்தால் முடி சாயாமல் நிற்கும். எம்ஐடி ஆய்வைப் படித்த பிறகு, இது தோலுக்கு மட்டுமல்ல, பிளேடுக்கும் நல்லது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

முடி வளரும் திசையும் ஆளுக்கு ஆள் மாறும், ஒரே முகத்திலும் மாறும். எனக்குக் கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தில் இடப்பக்கம் குறுக்காக. சவரம் செய்த மறுநாள் விரலால் நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகப் படுவது எதிர்த்திசை. முதல் சுற்று முடி வளரும் திசையிலேயே போக வேண்டும். 1971-இல் இரட்டை பிளேடு கார்ட்ரிஜ் வந்தபோது, முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்க, அது உள்ளே திரும்பும் முன் இரண்டாவது பிளேடு இன்னும் கீழே வெட்டும் என்றார்கள். வழவழப்புக் கூடுவது உண்மை. ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு, தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட கூர்முனை திரும்ப வளரும்போது தோலையே குத்திக்கொண்டு உள்ளே போகும், கட்டி கட்டியாக வீங்கும். அவர்களுக்கு ஒற்றை பிளேடுதான் நிம்மதி.

கடைசியில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் படிகாரம். சலூனில் முகம் துடைத்ததும் ஈரக் கல்லொன்றைத் தேய்ப்பார்களே, அதுதான். ஆற்றுத் தண்ணீர் கலங்கி வரும் நாளில் குடத்தில் சுழற்றுவதும் இதே கல். படிகாரத்தின் அலுமினியம், தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் படியவைக்கிறது. கீறல் பட்ட தோலில் அதுவே புரதங்களை இறுக்கி, சின்ன இரத்தக்கசிவை அடைக்கிறது. எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்தில் அழுத்திவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். எனக்கு முதல் வருஷம் முழுக்கத் தாடையின் இடது முனை எரிந்துகொண்டே இருந்தது. இப்போது அங்கே ரேஸரைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன்.

முடியை வெட்ட முடியாமல் போன பிளேடு விரலைத் தாராளமாக வெட்டும். குப்பையைத் தரம் பிரிப்பவர்களில் பலர் வெறும் கையால்தான் துழாவுகிறார்கள். அதனால் காலியான காபித்தூள் டப்பா ஒன்றின் மூடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன். கழற்றிய பிளேடு நேராக அதற்குள் போய்விடும். நாலு வருஷத்தில் பாதி டப்பாகூட நிறையவில்லை. நிறைந்ததும் மூடியை டேப் போட்டு இறுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் கையில் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும்.