நான்காம் மாதத்தில் வரும் 'பால் பத்தலை'

மூன்று மாதம் வரை மளமளவென்று எடை ஏறிய குழந்தையை நான்காம் மாதத்தில் கவலையோடு தூக்கி வருவார்கள். "முன்ன மாதிரி ஏறலை டாக்டர், தாய்க்குப் பால் பத்தலைபோல. பவுடர் பால் எழுதிக் குடுங்க." சொல்வது பெரும்பாலும் பாட்டி. அம்மா பேசாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தையோ காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

எடை ஏறும் வேகம் அந்த வயதில் குறையத்தான் செய்யும். முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 25 முதல் 30 கிராம் கூடும் குழந்தை, பிறகு அந்த அளவுக்குக் கூடாது. ஐந்து மாத வாக்கில் பிறந்த எடையைப்போல் இரு மடங்கு, ஒரு வயதில் மும்மடங்கு. ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போய், வளர்ச்சி அட்டையில் கோடு தன் பாதையிலேயே போகிறதென்றால் பால் போதுகிறது.

அந்த அட்டைக்கும் ஒரு கதை உண்டு. 1977இல் வந்த பழைய அட்டை, அமெரிக்காவில் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. அதில் வைத்துப் பார்த்தால் நன்றாக வளரும் தாய்ப்பால் குழந்தைகூட சில மாதங்களில் பின்தங்கித் தெரியும். தாய்ப்பால் குடித்த குழந்தைகளை ஆறு நாடுகளில் அளந்து 2006இல் உலக சுகாதார நிறுவனம் புது அட்டை வெளியிட்டது. தெற்கு தில்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. பால் பவுடர் டின்னில் குழந்தைப் படம் போடக்கூடாது என்று 1992லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கொழுகொழு கன்னம்தான் ஆரோக்கியம் என்ற எண்ணம் வீடுகளில் அப்படியே இருக்கிறது.

வேகமாக எடை ஏறினால் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் ஒரு கிராம் புரதம். பசும்பாலில் அதைப்போல் மூன்று மடங்கு. தேவைக்கு மேல் போகும் புரதம் இன்சுலினையும் வளர்ச்சி ஹார்மோன்களையும் தூண்டி, கொழுப்புச் சேர வழி செய்கிறது என்பது மருத்துவர்களின் கணிப்பு. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் உட்பட ஐந்து ஐரோப்பிய நாடுகளில் புரதம் குறைந்த பவுடர் பாலையும் கூடிய பவுடர் பாலையும் ஒரு வயது வரை கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆறு வயதில், கூடிய புரதம் குடித்த பிள்ளைகளிடம் உடல் பருமன் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

தாய்ப்பால் கொடுத்தால் பருமனே வராது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பெலாரஸில் பல்லாயிரம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், தாய்ப்பாலை ஊக்குவித்ததால் பருமன் குறையவில்லை. ஊட்டும் விதமும் சேர்ந்ததுதான் உணவு. மார்பில் குடிக்கும் குழந்தை போதுமென்றால் தானே விட்டுவிடும். புட்டியில் மிச்சமிருப்பதையும் குடித்தாக வேண்டும் என்று திணிப்பது நாம்.

நம் குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கூடுதல் கவலை. புனே பகுதிக் குழந்தைகள் பிறக்கும்போதே சராசரி 2.7 கிலோதான், ஆனால் தசை குறைந்த அளவுக்கு அவர்களிடம் கொழுப்பு குறையவில்லை என்று மருத்துவர் யாக்னிக் குழுவினர் காட்டினார்கள். இப்படிப்பட்ட உடம்பில் சர்க்கரையும் மாவும் மேலும் கொழுப்பைத்தான் ஏற்றும். ஆறு மாதம் முடிந்ததும் பருப்பு சாதம், கீரை, மசித்த முட்டை, ஒரு சொட்டு நெய் போதும். சர்க்கரை போட்ட கூழ், பாலில் ஊறிய பிஸ்கட், செல்போனைக் காட்டி ஊட்டுவது மூன்றும் வேண்டாம். பசும்பாலைக் குடிக்கக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகு. அதற்கு முன் கொடுத்தால் இரத்தசோகையும் வரும்.

கோடு உண்மையிலேயே கீழே சரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குறைமாதக் குழந்தையாக இருந்தாலோ காத்திருக்காமல் வாருங்கள். அப்போதும் நாங்கள் முதலில் பார்ப்பது குழந்தை மார்பைப் பற்றும் விதத்தையும், இரவில் பால் கொடுக்கிறார்களா என்பதையும்தான். பவுடர் டின் தேவைப்படும் குழந்தைகளும் உண்டு. அதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.