நியூட்ரலில்தானே போட்டேன்? மோட்டார்ஹோமுக்குப் பின்னால் பிக்கப்பைக் கட்டுபவர்களுக்கு

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதியம், ஃபீனிக்ஸ் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு பிக்கப் ட்ரக் வந்து இறங்கியது. சொந்தக்காரர் டெக்சஸில் இருக்கும் நம் ஊர்க்காரர். மனைவி, இரண்டு குழந்தைகளோடு மோட்டார்ஹோமில் (உள்ளேயே வீடு இருக்கும் பெரிய வண்டி) கிளம்பியவர், பிக்கப்பைப் பின்னால் கட்டி நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுத்து வந்திருக்கிறார். முகாமில் இறங்கி பிக்கப்பை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை.

கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினேன். செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வடிந்தது. கருகின வாடை. தட்டில் இருக்கும் காந்தத்தின் மேல் அரைத்த மாவு மாதிரி இரும்புத்தூள் அப்பியிருந்தது.

"அண்ணா, நியூட்ரல்லதானே போட்டேன்?" என்றார்.

போட்டிருந்தார், கியர் லீவரை. இந்தப் பதிவு அந்த ஒரு வார்த்தையைப் பற்றியதுதான். பிக்கப்பில் நியூட்ரல் இரண்டு இடத்தில் இருக்கிறது. இழுக்கும்போது வண்டியைக் காப்பாற்றுவது லீவரில் இருக்கும் நியூட்ரல் இல்லை.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்ற விடும் பம்ப், இன்ஜின் ஓடினால்தான் ஓடும். பின்னால் கட்டி இழுக்கும்போது இன்ஜின் நின்றிருக்கும், ஆனால் பின் சக்கரம் சுற்றுகிறது. அது டிரைவ்ஷாஃப்டைச் சுற்றும், டிரைவ்ஷாஃப்ட் கியர்பாக்ஸின் வெளித்தண்டைச் சுற்றும். லீவர் நியூட்ரலில் இருந்தாலும் அந்தத் தண்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே ஆயில் போகாமல், மணிக்கு 60 மைல் வேகத்தில், மணிக்கணக்காக. புஷ்ஷும் கிளட்ச் தட்டுகளும் தாங்குமா?

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி உண்டு. அதிலும் ஒரு நியூட்ரல் இருந்தால், அது சக்கரங்களுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் தொடர்பையே துண்டித்துவிடும். சக்கரம் பாட்டுக்கு உருளும், கியர்பாக்ஸ் அசையாமல் இருக்கும். இந்த நியூட்ரல்தான் வேண்டும்.

நண்பர் இதற்கான பட்டனையும் அழுத்தியிருக்கிறார். டாஷ்போர்டில் விளக்கு மினுக்கியிருக்கிறது. பின்னால் குழந்தைகள் அழ, முன்னால் மோட்டார்ஹோம் உறுமிக்கொண்டு நிற்க, விளக்கு வந்துவிட்டது என்று இறங்கிவிட்டார். மினுக்கினால் மாற்றம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அசையாமல் நின்று எரிந்தால்தான் மாறியிருக்கிறது. லீவர் பார்க்கில் இருந்திருந்தால் பின் டயர் பூட்டிக்கொண்டு தேய்ந்து, கால் மைலுக்குள் காட்டிக் கொடுத்திருக்கும். நியூட்ரலில் இருந்ததால் எல்லாம் சுமுகமாக உருண்டது, 300 மைலுக்கு.

அதனால் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது ஒரு சோதனை. கை பிரேக்கைப் போட்டு, மேனுவலில் இருக்கிற வரிசைப்படியே ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். விளக்கு நிலையாக எரிகிறதா பாருங்கள். பிறகு கை பிரேக்கை எடுத்து, கால் பிரேக்கில் காலைத் தயாராக வைத்துக்கொண்டு, லீவரை ரிவர்ஸில் போடுங்கள், அப்புறம் டிரைவில் போடுங்கள். இரண்டிலும் வண்டி துளிகூட இழுக்கக் கூடாது. இழுத்தால் தொடர்பு துண்டாகவில்லை, மறுபடி முதலிலிருந்து. சரி, ஐந்து நிமிடம் ஆகும். ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள், காலையில் செய்ததுதானே என்று மதியம் விட்டுவிடாதீர்கள்.

கடைசியில் லீவரை எதில் விடுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஜீப் கிளாடியேட்டர் ஆட்டோமேட்டிக்கில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், லீவர் பார்க்கில். அதே கிளாடியேட்டர் மேனுவல் கியர் என்றால் கியரில் போட்டு விட வேண்டும். வேறு கம்பெனி வண்டியில் வேறு மாதிரி இருக்கும். பக்கத்து முகாம்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் மாடல், உங்கள் வருடத்தின் மேனுவலைப் பாருங்கள்.

எல்லாப் பிக்கப்பையும் இப்படி இழுக்க முடியாது. டூ வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக்கில் ட்ரான்ஸ்ஃபர் கேஸே இல்லை, ஆகவே துண்டிக்க வழியும் பொதுவாக இல்லை. அதை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் சரி. ஃபோர் வீல் டிரைவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் கியர்) இல்லாத, ஒரே வேக ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வரும் வண்டிகளில் அந்த நியூட்ரல் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. இழுப்பதற்கென்றே பழைய பிக்கப் வாங்குபவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எடை. எல்லோரும் மோட்டார்ஹோமின் பின்னால் இருக்கும் இழுவைக் கொக்கியான ஹிட்ச்சில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். 5,000 பவுண்டு என்று போட்டிருக்கிறது, என் பிக்கப் 4,800, போதும் என்கிறார்கள். போதாது. எங்களிடம் வந்த ஒரு பெட்ரோல் மோட்டார்ஹோமின் ஸ்டிக்கரில் வண்டியின் உச்ச எடை 22,000 பவுண்டு, வண்டியும் இழுக்கப்படுவதும் சேர்ந்து 26,000. லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் எடைமேடை இருக்கும், அதில் ஏற்றிப் பார்த்தோம். சாமான், ஆட்கள், நிறைந்த தண்ணீர்த் தொட்டியோடு 21,600. மிச்சம் 4,400தான். ஹிட்ச் தாங்கும், ஆனால் மோட்டார்ஹோமின் இன்ஜினும் பிரேக்கும் அந்தக் கணக்குக்கு மேல் போக வடிவமைக்கப்படவில்லை. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 75 காலன் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோனால் 600 பவுண்டுக்கு மேல் மிச்சமாகும், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டு வண்டியையும் இணைக்கும் டோ பார், பிக்கப்பின் முன்னால் பொருத்தும் பேஸ் பிளேட், ஹிட்ச், மோட்டார்ஹோமின் சேஸிஸ் நான்கிலும் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

பிக்கப்புக்குத் தனி பிரேக் வேண்டுமா என்று கேட்பவர்களை நான் ஒரு தடவை ஐ-17 நெடுஞ்சாலையில் இறங்கிப் பார்க்கச் சொல்வேன். ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், ஃபீனிக்ஸ் 1,100. சன்செட் பாயிண்ட்டிலிருந்து பிளாக் கேன்யன் சிட்டிக்கு இறங்கும்போது பின்னால் 5,000 பவுண்டு முதுகில் கை வைத்துத் தள்ளுவது தெரியும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், சில இடங்களில் வரம்பு இன்னும் குறைவு. சட்டம் கேட்காவிட்டாலும் போடுங்கள். பிக்கப்பின் பெடலை அழுத்தும் பெட்டி வகை என்றால், சும்மா இருக்கும்போது அது பெடலைத் தொட்டு அழுத்தாமல் இருக்கிறதா பாருங்கள். லேசாக அழுத்தியபடியே போய், பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இணைப்பு அறுந்தால் பிக்கப்பைத் தானாக நிறுத்தும் பிரேக்அவே கேபிளை டோ பாரில் மாட்டாதீர்கள். மோட்டார்ஹோமின் உடம்பில் மாட்டுங்கள். டோ பாரே கழன்று போனால் கேபிளும் அதோடு போய்விடும், பிரேக்கைப் போட வைக்கும் பின்னை (pin) யார் இழுப்பது?

இழுக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. பெட்ரோல் பங்கில் தப்பான பக்கம் நுழைந்துவிட்டீர்கள், நாலு அடி பின்னால் வந்தால் போதும் என்று தோன்றும். பிக்கப்பின் முன் சக்கரம் ஒரு பக்கம் மடங்கி, டோ பாரின் கை வளைந்துவிடும். இறங்கிக் கழற்றுங்கள். பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

கழற்றும்போது நடக்கும் தவறுதான் எனக்கு அதிக பயம். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும் வரை, லீவரைப் பார்க்கில் போட்டாலும் வண்டி நிற்காது. பார்க் பிடிப்பது கியர்பாக்ஸைத்தான், சக்கரத்துக்கும் அதற்கும்தான் தொடர்பை அறுத்துவிட்டோமே. சரிவில் டோ பாரின் பின்னை (pin) எடுத்த நொடியில் உருளும். இரண்டு வண்டிக்கும் நடுவில் குனிந்து நிற்பவர் நீங்கள். முதலில் சமதளம், பிறகு பிக்கப்பின் கை பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, அதற்கப்புறம்தான் பின்னை எடுப்பது. குழந்தைகள் அந்த நேரம் மோட்டார்ஹோமுக்குள்ளேயே இருக்கட்டும்.

டெக்சஸ் நண்பரின் கியர்பாக்ஸை மாற்ற ஒன்பது நாள் ஆயிற்று. பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொன்ன கிராண்ட் கேன்யனை அந்தத் தடவை பார்க்கவில்லை. மார்ச்சில் மறுபடி கிளம்பினார். கிளம்புமுன் ஒரு சின்ன வீடியோ அனுப்பியிருந்தார். டாஷ்போர்டில் விளக்கு அசையாமல் எரிகிறது, லீவர் டிரைவில், வண்டி நிற்கிற இடத்திலேயே நிற்கிறது. பின்னணியில் அவர் மனைவி, "ரிவர்ஸும் போட்டுக் காட்டுங்க" என்கிறார்.