சாம்பல் அல்ல, உதிரி

ஏரிச் சேற்றில் பதிந்த பழங்காலத் தட்பவெப்பம் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே பத்தியில் காட்டுத்தீ விட்டுப்போனதும் ‘சாம்பல்’, எரிமலை கக்கியதும் ‘சாம்பல்’. எது எதுவென்று அறிய மூலத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று. ‘சாம்பல் காலக்கணிப்பு’ என்ற தொடரை இனியும் பொறுத்துக்கொள்வதற்கில்லை.

மூலச்சொல் டெஃப்ரோகுரோனாலஜி: எரிமலை வீசியவை படிந்த அடுக்குகளைக் கொண்டு சேறு, பனி போன்ற படிவுகளின் காலத்தை அறியும் முறை. டெஃப்ரா என்றால் கிரேக்கத்தில் சாம்பல், குரோனோஸ் என்றால் காலம். 1944இல் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஐஸ்லாந்து நிலவியலாளர் சிகுர்துர் தோராரின்சன்.

‘கிரேக்கத்திலேயே சாம்பல்தானே?’ என்பார்கள். வேர்ப்பொருள் வேறு, துறைப்பொருள் வேறு. எரிமலை வானில் வீசி மண்ணில் விழும் சிதறல் அத்தனையும் டெஃப்ரா. அதில் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகளே எரிமலைச் சாம்பல்; அதற்கு மேல் 64 மில்லிமீட்டர் வரை சிறுகல், அதையும் தாண்டினால் பாறைத்துண்டு. பகுதியின் பெயரை முழுமைக்குச் சூட்டலாமா? மேலும், சாம்பல் என்றால் தமிழில் எரிந்து மிஞ்சியது. இதுவோ எதுவும் எரிந்து வந்ததல்ல. நுண்ணோக்கியில் பாருங்கள்: உடைந்த குமிழியின் வளைந்த ஓரங்களோடு கூரிய கண்ணாடிச் சில்லுகள்!

‘கணிப்பு’ இன்னும் மோசம். வருவதுரைப்பது போல் ஒலிக்கிறது. அடுக்கின் வயதை அதிலுள்ள ஆர்கான் வாயுவின் அளவீடோ பனியின் ஆண்டு வரிகளோ தருகின்றன. சில்லுகளின் வேதிக் கலவை, எந்த எரிமலையின் எந்த வெடிப்பு என்று காட்டிக்கொடுக்கிறது. பிறகு நடப்பது கோத்தல். சுமார் 12,100 ஆண்டுகளுக்கு முந்தைய ஐஸ்லாந்து எரிமலையின் ‘வெட்டே’ என்ற அடுக்கு நார்வே ஏரிகளிலும் கிடக்கிறது, கிரீன்லாந்துப் பனியிலும் கிடக்கிறது. சேற்றுப் பதிவையும் பனிப் பதிவையும் அந்த ஒரே கணத்தில் வைத்து முடிச்சுப் போடலாம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த இந்தோனேசியாவின் தோபா எரிமலையின் அடுக்கு ஆந்திரத்து ஜுவாலாபுரத்திலும் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலும் இருக்கிறது.

‘எரிமலைப் பொழிவு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். தட்பவெப்பக் கட்டுரையில் பொழிவு என்றதும் மழைதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது ‘எரிமலை உதிரி’. உதிர்ந்து விழுவது, ஒன்றோடொன்று ஒட்டாதது, எந்த அளவுக்கும் பொருந்துவது. முறைக்கு ‘உதிரியடுக்குக் காலவியல்’. கண்ணுக்குத் தெரியாமல் சேற்றில் கலந்திருக்கும் கிரிப்டோடெஃப்ராவுக்கு ‘மறையுதிரி’. சாம்பலை வைத்துக்கொண்டு இதற்கு என்ன சொல் ஆக்குவீர்கள்? ‘ரகசியச் சாம்பல்’ என்று அச்சிலேயே பார்த்துவிட்டேன்.