விசில் ப்ளோயர்: தமிழில் என்ன சொல்வது?

நம் ஊரில் விசில் அடிப்பது ஹீரோ திரையில் வரும்போது. முறைகேட்டை வெளியே சொல்பவரைக் குறிக்கும் ‘விசில் ப்ளோயர்’ என்பதை ‘விசில் அடிப்பவர்’ என்று எழுதினால் ஊழலை ரசிக்கிறவர் என்றாகிவிடும்!

ஆங்கிலத்தில் அந்த விசில் போலீஸ்காரருடையது, மைதான நடுவருடையது. தான் வேலை பார்க்கும் இடத்து முறைகேட்டைச் சொல்பவரை இந்தப் பெயரால் மரியாதையாகக் குறிக்கும் வழக்கத்தை 1970-களின் தொடக்கத்தில் பரப்பியவர் அமெரிக்க நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர்.

தமிழில் அந்த மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. பர்ச்சேஸ் பிரிவுக்கு மூன்று கொட்டேஷன் வருகிறது. மூன்று கம்பெனி லெட்டர்ஹெட், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை. கவனித்த கிளார்க் மேலிடத்தில் சொன்னால் டீக்கடையில் அவருக்குக் கிடைக்கும் பட்டம் ‘போட்டுக் கொடுத்தவன்’. கோள் மூட்டுவது, காட்டிக் கொடுப்பது, வத்தி வைப்பது என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் பழி சொன்னவன் மேல்தான்.

சிலர் ‘இடித்துரைப்பவர்’ என்கிறார்கள். ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்’ என்ற குறளில் வேர் கொண்ட சொல். ஆனால் அந்த இடிப்பார் மன்னனிடமே நேராகச் சொல்பவர். ‘இது சரியில்லை சார்’ என்று மேலாளரிடம் சொல்பவருக்கு அது பொருந்தும். சரி, மேலாளரே கூட்டு என்றால்?

‘அம்பலப்படுத்துபவர்’ என்பது பத்திரிகைத் தமிழ். அம்பலம் என்றால் ஊர் கூடும் பொது இடம். தேசிய நெடுஞ்சாலை ஆணையப் பொறியாளர் சத்யேந்திர துபே 2002-ல் சாலைப் பணி முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது அம்பலத்துக்குப் போகவில்லை. தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு கைமாறியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. நாடு முழுக்க எழுந்த கொதிப்பில், இத்தகைய புகார்களைப் பெயர் காத்து விசாரிக்கும் பொறுப்பை 2004-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் அரசு கொடுத்தது.

என் ஓட்டு ‘முறைகேடு தெரிவிப்பவர்’ என்பதற்கு. கவர்ச்சியில்லாத சொல்தான், ஆனால் பழியும் இல்லை, பட்டாசும் இல்லை. இதை மொட்டைக் கடிதத்தோடு மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஆணையத்துக்கு இந்த ஏற்பாட்டின்படி எழுதுபவர் உறையின் மேல் பெயர் போடக் கூடாது. உள்ளே கடிதத்தில் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும்.