சரியான விடையை அடித்துவிடாதீர்கள்: கணித மென்பொருளும் திரிகோணமிதியும்

மலேசியாவில் பட்டர்வொர்த், பிறை பக்கம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது அடிக்கடி கண்ணில் படுவது இதுதான்: பிள்ளை கணக்கைச் சரியாகச் செய்திருப்பாள். அப்புறம் மடிக்கணினியில் கணித மென்பொருளில் போட்டுப் பார்த்திருப்பாள். அங்கே வேறு மாதிரி விடை வந்திருக்கும். உடனே தன் விடையின் குறுக்கே ஒரு கோடு. திரிகோணமிதியில்தான் இது அதிகம் நடக்கிறது, பார்க்கவே மனசு கேட்பதில்லை.

சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டையும் பெருக்கி, அதற்குத் தொகையீடு கேளுங்கள். மேக்ஸிமா என்ற மென்பொருள் −காஸ்²/2 என்று சொல்லும். சிம்பை என்ற இன்னொன்று சைன்²/2 என்று சொல்லும். இரட்டைக் கோணச் சூத்திரம் போட்டுச் செய்த மாணவியின் தாளில் −(காஸ் 2எக்ஸ்)/4 இருக்கும். மூன்றுமே சரி. முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 1/2. சிம்பையின் விடைக்கும் மாணவியின் விடைக்கும் 1/4. கடைசியில் நாம் எழுதும் மாறிலி அதைப் பார்த்துக்கொள்ளும். அதனால் விடைகளைக் கண்ணால் ஒப்பிட வேண்டாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மென்பொருளையே சுருக்கச் சொல்லுங்கள். தொகையீட்டில் மாறிலி வந்தால் போதும்; மற்றக் கணக்குகளில் பூஜ்யம் வர வேண்டும்.

சரி, நாம் விரும்பும் வடிவத்தை எப்படி வரவழைப்பது? அதற்கு முன்னால், திரையில் தெரியும் மாற்றம் எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். மேத்தமேட்டிகா என்ற மென்பொருளில் 1/காஸ் என்று கொடுத்தால் அடுத்த வரியிலேயே செக் என்று வந்துவிடும். சைனைக் காஸால் வகுத்தால் டேன். இங்கே மாறியது காட்சி மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் கோவையே மாறிவிட்டது. மேக்ஸிமாவும் மேப்பிள் என்ற மென்பொருளும் 1/காஸை அப்படியே விட்டுவைக்கும். முற்றொருமையைப் படிப்படியாக நிறுவிக் காட்ட ஒரு தாள் தயாரிக்கும் ஆசிரியருக்கு மேத்தமேட்டிகாவின் இந்தப் பழக்கம் பெரிய தொல்லை. காட்ட நினைத்த படியே காணாமல் போய்விடும்.

அதற்கு மேத்தமேட்டிகாவிலேயே ஹோல்ட்ஃபார்ம் என்ற கட்டளை இருக்கிறது. கோவையை அதற்குள் வைத்தால் மென்பொருள் அதைத் தொடாது; 1/காஸ், 1/காஸாகவே அச்சாகும். ஆனால் தொடாமல் வைத்ததை வைத்து மேற்கொண்டு கணக்குப் போட முடியாது, ரிலீஸ்ஹோல்ட் கொடுத்து விடுவித்தாக வேண்டும். அதனால் கணக்கை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, தாளில் ஏற்றும் கடைசி வரியில் மட்டும் ஹோல்ட்ஃபார்ம் போடுங்கள். நடுவில் போட்டுவிட்டு அடுத்த வகையீடு ஏன் வரவில்லை என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

வடிவத்தை மாற்றும் கட்டளைகளில் மூன்றைத் தெரிந்துகொண்டாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும். மேக்ஸிமாவில் ட்ரிக்எக்ஸ்பாண்ட், சைன் 2எக்ஸை 2 சைன் காஸ் என்று விரிக்கும். ட்ரிக்ரெட்யூஸ் அதன் எதிர்த்திசை: வர்க்கங்களையும் பெருக்கங்களையும் இரட்டைக் கோணங்களாக மடக்கும். ட்ரிக்சிம்ப், சைன்² + காஸ்² = 1 என்பதைக் கொண்டு சுருக்கும்; செக், டேன் எல்லாவற்றையும் சைன், காஸுக்குக் கொண்டுவந்துவிடும். முதல் இரண்டும் மேத்தமேட்டிகாவிலும் அதே பெயரில் இருக்கின்றன. சிம்பையில் ரீரைட் என்று கொடுத்து எந்தச் சார்பு வேண்டும் என்று சொன்னால், செக்கை 1/காஸாக எழுதித் தரும்.

நேர்மாறு சைன், அதாவது சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திருப்பித் தரும் ஆர்க்சைன், அதன் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. சைன் தலையில் −1 போடும் வழக்கத்தை ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1813-இல் கொண்டுவந்தார். நம் பாடப்புத்தகங்களும் அதையே பின்பற்றுகின்றன. மேத்தமேட்டிகாவின் பாரம்பரிய அச்சு வடிவமும் ஆர்க்சைனை அப்படித்தான் காட்டும். அதே பக்கத்தில் சைன் தலையில் 2 இருந்தால் அது வர்க்கம். −1 இருந்தால் மட்டும் அடுக்கு இல்லை, நேர்மாறு. பரீட்சை அவசரத்தில் பிள்ளை அதை 1/சைன் என்று படித்து, கோசெக் என்று எழுதிவிடுகிறான். இதை மாணவனின் கவனக்குறைவு என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் தயாரிக்கும் தாளிலேயே தடுத்துவிடலாம். சிம்பை தன் விடையை லேட்டெக் என்ற கணித அச்சுக்கோப்பு வடிவில் தரும்போது, இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. சும்மா விட்டால் ஏசின் என்று குறுக்கி எழுதும். பவர் என்று வைத்தால் −1 வரும், ஃபுல் என்று வைத்தால் ஆர்க்சின் என்று முழுதாக வரும். நான் ஃபுல்தான் வைக்கிறேன்.

இன்னொன்று, தட்டும்போது நேர்வது. மலாய் வழிப் பாடத்தில் படித்த பிள்ளைகள் காஸ், கோசெக் இரண்டையும் புத்தகத்தில் உள்ளபடியே 'கே'யில் தொடங்கி எழுத்துக்கூட்டித் தட்டுகிறார்கள். மேக்ஸிமா குறை எதுவும் சொல்லாது. ஏதோ பெயர் தெரியாத சார்பு என்று எடுத்துக்கொண்டு, வகையீடு கேட்டால் கேள்வியையே திருப்பிக் காட்டும். திரையில் கேள்வியே விடையாக வந்து நின்றால் முதலில் எழுத்தைப் பாருங்கள்: மென்பொருளுக்குத் தெரிந்த காஸ் 'சி'யில் தொடங்கும், அதன் கோசெக்கில் மூன்றே ஆங்கில எழுத்துகள்: சி, எஸ், சி.

இரண்டு விடைகள் ஒன்றுதானா என்று எண்ணைப் போட்டுப் பார்க்கிறவர்கள் பாகையையும் மறந்துவிடக் கூடாது. இந்த மென்பொருள்கள் பாகையில் அல்ல, ரேடியன் என்ற கோண அளவில்தான் கணக்கிடும். சைன் 30 என்று தட்டினால் 0.5 வராது, −0.988 வரும். 30 பாகை வேண்டுமானால் பையை (π) 6-ஆல் வகுத்துக் கொடுங்கள். ஓர் எண்ணோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று எண்களில் பாருங்கள். 0, பை போன்ற இடங்களில் தவறான விடைகூடத் தற்செயலாகப் பொருந்திப்போகும்.