கல்லூரிப் பயிற்சியும் அப்ரண்டிஸ் பயிற்சியும்: நீலகிரி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

"பயிற்சிக்குப் போனால் மாதம் 9,000 ரூபாய் தருவார்களாமே" என்ற கேள்வியும், "பயிற்சிக்குப் போகாவிட்டால் டிகிரியே கிடைக்காதாமே" என்ற அச்சமும் நம் மாணவர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் ஒரே மூச்சில் வருகின்றன. இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகளைப் பற்றியவை. படிக்கும்போதே பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகச் செய்வது உள்ளகப் பயிற்சி, அதாவது இன்டர்ன்ஷிப். அதற்குக் கிடைப்பது கிரெடிட், அதாவது பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி. படிப்பை முடித்தபின் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுச் சேர்வது தொழிற்பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ். அதற்குக் கிடைப்பது உதவித்தொகை. 2024 முதல் பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டமும் இவற்றோடு சேர்ந்துகொண்டதால், செய்தித்தாளில் "பயிற்சி" என்று வருவது எதைக் குறிக்கிறது என்பதே பலருக்குப் பிடிபடுவதில்லை.

முதலில் கல்லூரிப் பயிற்சி. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில், இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் செய்யும் பயிற்சிக்கு 2 கிரெடிட் ஒதுக்கப்பட்டு, அது ஐந்தாம் பருவக் (செமஸ்டர்) கணக்கில் சேர்க்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையோ நான்காம் பருவத்துக்குப் பின் 60 முதல் 120 மணி நேரம், அதாவது 2 முதல் 4 கிரெடிட் என்று சொல்கிறது. 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்பது அதன் கணக்கு. ஊட்டி அரசுக் கலைக் கல்லூரி போன்றவை கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. தன்னாட்சி பெற்ற கல்லூரிகளோ தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. ஆகவே நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட் என்று எழுதியிருக்கிறது என்பதைத் துறைத்தலைவரிடம் நான்காம் பருவம் முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும். இந்தப் பயிற்சிக்கு ஊதியம் தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ஆனால் "பணம் கட்டுங்கள், வீட்டிலிருந்தே சான்றிதழ் வரும்" என்று கைப்பேசிக்கு வரும் அழைப்புகளை நம்பி வீட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். கல்லூரி ஒப்புக்கொள்ளாத சான்றிதழால் கிரெடிட் ஏறாது.

பயிற்சி என்றாலே கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அது தேவையில்லாதது. இன்கோசர்வ் அமைப்பின் கீழ் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்குகின்றன. குன்னூரிலேயே தேயிலை ஏல மையமும் தேயிலை வாரிய அலுவலகமும் இருக்கின்றன. வணிகவியல் மாணவர் ஒருவருக்குத் தொழிற்சாலை இடம் கொடுத்தால், இலை எடை போடும் இடத்திலிருந்து தொடங்கி, தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலை, ஏலத்தில் கிடைத்த விலை, உறுப்பினருக்குப் பட்டுவாடா ஆன தொகை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு எழுதலாம். தன் வீட்டுத் தோட்டத்து இலைக்கு ஏன் அந்த விலை வந்தது என்பது அப்போதுதான் விளங்கும். தாவரவியல் மாணவருக்கு ஊட்டி அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய அரசு நிறுவனங்களுக்குக் கல்லூரி முதல்வரின் கடிதத்துடன் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள், ஊராட்சி, பழங்குடி மக்களுடன் பணிபுரியும் தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றிலும், கல்லூரி ஒப்புக்கொண்டால், பயிற்சி பெறலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்குக் கேள்வித்தாளோடு நேரே போய் நிற்பது பயிற்சி அல்ல. முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். அங்கு வாழ்பவர்களிடம் என்ன கேட்கிறோம், எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லி அவர்கள் சம்மதத்தையும் பெற வேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் செய்யும் 240 மணி நேரச் சேவை தனிக் கணக்கு; அதையே உள்ளகப் பயிற்சியாகக் காட்ட முடியும் என்று நீங்களாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நம் மலையில் ஒரு சங்கடம் உண்டு. கோடை விடுமுறையும் சீசனும் ஒன்றாக வருகின்றன. மே மாதத்தில் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தைச் சமாளிக்க விடுதிகளுக்கும் காட்டேஜ்களுக்கும் ஆள் தேவைப்படுகிறது. "இன்டர்ன்ஷிப்" என்ற பெயரில் மாணவர்களைத் தட்டுக் கழுவவும் படுக்கை விரிக்கவும் வைத்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. வேலை செய்வது இழிவல்ல. வேலைதான் என்றால் கூலி தர வேண்டும், பயிற்சிதான் என்றால் கற்றுத்தர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆகவே சேர்வதற்கு முன்பே எந்தப் பிரிவில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, நாளுக்கு எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளர் யார் என்பவை எழுதிய கடிதத்தை நிறுவனத்திடமிருந்து பெற்று, கல்லூரியில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழிகாட்டி ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அன்றன்று செய்ததை ஒரு நோட்டில் எழுதி மேற்பார்வையாளரின் கையொப்பத்தை வாங்கி வைத்தால், வாய்மொழித் தேர்வில் திணற வேண்டியிருக்காது.

மாணவியர் அறிந்திருக்க வேண்டிய உரிமை ஒன்று. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறாத பயிற்சியாளரையும் தன்னார்வலரையும் பணியாளர் என்றே கருதுகிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால், நம் ஊர் ஹோம்ஸ்டேக்கள் பல அப்படிப்பட்டவையே, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம்.

இனி, 9,000 ரூபாய்க் கதை. இது 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் வரும் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம். 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் என்று நிர்ணயித்தன. இந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள் தொழிற்பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் பழையது, கலை அறிவியல் பட்டதாரிகளும் பதிவு செய்யலாம். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருந்தாலும், பதிவு முழுவதும் இணையவழியில்தான். பயிற்சியின்போது விபத்தில் காயமடைந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலன்றி, கேட்க முடியாது.

பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் 2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கியது. அப்போது அறிவிக்கப்பட்டபடி 21 முதல் 24 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முன்னணி நிறுவனங்களில் 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், ஒரு முறை மட்டும் 6,000 ரூபாய். முழுநேரப் படிப்பில் இருப்பவர், முழுநேர வேலையில் இருப்பவர், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்தைத் தாண்டியவர், முதுநிலைப் பட்டம் பெற்றவர் ஆகியோருக்கு இடமில்லை. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு போன்றவை மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ள அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதிலே பலர் கவனிக்கத் தவறும் நிபந்தனை ஒன்று இருக்கிறது. முன்பே தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சியை முடித்தவர் இத்திட்டத்தில் சேர முடியாது. எனவே பட்டம் வாங்கிய கையோடு அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இரண்டில் எது தனக்கு வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.